எலிகளை எண்ணினால் போதாது

ஒரு ரசாயன ஆலையின் மதிலை ஒட்டிய புல்லில் எலிகள் ஓடித் திரிந்தால், அந்த மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டிவிடுவது எளிது. எலி எங்கும் பிழைக்கும், சாக்கடையிலும் பெருகும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள எண்ணம். ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால் ஊர் கூடிவிடும். ஒரு பறவை இனம் கூடு கட்டாமல் போனால் குறித்துவைக்க ஆட்கள் இருக்கிறார்கள். வயலெலி, காட்டெலி, மூஞ்சூறு போன்ற கைக்குள் அடங்கும் பாலூட்டிகள் செத்தால் யாருக்கும் தெரிவதில்லை. பெரும்பாலும் அவை வளைக்குள்ளேயே சாகும். வெளியே கிடக்கும் உடலைக் காக்கையும் எறும்பும் ஒரே நாளில் முடித்துவிடும். இடம் காலியானதும் தெரியாது, ஏனென்றால் பக்கத்து நிலத்திலிருந்து இளம் எலிகள் வந்து குடியேறிவிடும். அதனால்தான் தொழிற்சாலை மாசு இந்தச் சிறு பாலூட்டிகளை என்ன செய்கிறது என்று கேட்பவர் எண்ணிக்கையோடு நின்றால் ஏமாறக்கூடும். பிடிபட்ட விலங்கின் வயது என்ன, அதன் கல்லீரல் எப்படி இருக்கிறது, அது இன்னும் எத்தனை நாள் வாழ்ந்திருக்கும் என்று கேட்டவர்களுக்கே விடை கிடைத்திருக்கிறது. அந்த விடைகள் எலிகளைப் பற்றியவை மட்டுமல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் உள்ள லவ் கால்வாயிலிருந்து தொடங்கலாம். 1890களில் வில்லியம் லவ் என்பவர் நயாகரா ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் கனவில் வெட்டத் தொடங்கி, பாதியில் கைவிட்ட பள்ளம் அது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் ரசாயன நிறுவனம் அதில் 20,000 டன்னுக்கும் மேற்பட்ட கழிவைக் கொட்டியது. பூச்சிக்கொல்லித் தயாரிப்பில் மிஞ்சிய லிண்டேன் வகைச் சேர்மங்கள், குளோரோபென்சீன்கள், டையாக்சின் கலந்த ட்ரைகுளோரோஃபீனால் கழிவு எல்லாம் அதில் அடக்கம். பிறகு மேலே மண்ணைப் போட்டு மூடி, நகரப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. பள்ளிக்கூடம் எழுந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1970களில் மழையும் பனியும் மிகுந்து நிலத்தடி நீர் உயர்ந்தபோது, கழிவு வீடுகளின் நிலவறைச் சுவர்களில் கசிந்தது. 1978 ஆகஸ்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, கால்வாயை ஒட்டி வாழ்ந்த 239 குடும்பங்கள் முதலில் வெளியேறின. 1980 மே மாதத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இரண்டாம் முறை நெருக்கடி அறிவித்தார். மேலும் எழுநூறு குடும்பங்கள் வெளியேற வழி பிறந்தது. அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் சட்டம் அந்த ஆண்டு டிசம்பரில் கையெழுத்தானதற்கு இந்த ஊரும் ஒரு காரணம். இதெல்லாம் பலர் எழுதிய கதை. அந்த ஊரின் புல்லில் வாழ்ந்த வோல்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

வோல் என்பது எலிக் குடும்பத்துக்கு நெருங்கிய, குட்டை வாலும் மழுங்கிய முகமும் உள்ள புல்லுண்ணி. வட அமெரிக்கப் புல்வெளிகளில் நிறைந்திருக்கும் இனம் தன் வாழ்நாள் முழுவதையும் சில நூறு சதுர மீட்டருக்குள் கழித்துவிடும். அந்தத் துண்டு நிலத்தின் புல்லையும் வேரையும் தின்று, அதிலேயே வளை தோண்டி, அந்த மண் ஒட்டிய உரோமத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். மண்ணில் என்ன இருக்கிறதோ அது வோலின் உடலுக்குள் போய்ச் சேரும். பிங்ஹாம்டனில் விலங்கியல் ஆய்வாளராக இருந்த ஜான் கிறிஸ்டியனும் அவருடைய குழுவினரும் மூன்று இடங்களில் வோல்களைப் பிடித்தார்கள்: கால்வாயை ஒட்டிய பகுதி, அதிலிருந்து சற்றுத் தள்ளிய பகுதி, ஒப்பீட்டுக்காகத் தொலைவில் வேறொரு பகுதி. 1983இல் முடிவுகள் வெளியாயின. 30 நாள் வயதைத் தாண்டிய ஒரு வோல் அதற்குப் பிறகு சராசரியாக எத்தனை நாள் வாழும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒப்பீட்டுப் பகுதியில் 48.8 நாள். சற்றுத் தள்ளிய பகுதியில் 29.2 நாள். கால்வாயோரத்தில் 23.6 நாள். கால்வாயோரப் பெண் வோல்களின் கல்லீரலும் அட்ரீனல் சுரப்பியும் எடை குறைந்திருந்தன, கல்லீரலில் கடுமையான சிதைவு தெரிந்தது. ஆண் வோல்களில் விந்துப் பைகள் சிறுத்திருந்தன. கழிவுக் குழிக்குரிய குளோரின் சேர்மங்கள் மாசுபட்ட இரு பகுதி விலங்குகளின் உடலிலும் இருந்தன.

பாதியாகக் குறைந்த ஆயுள் என்பதன் பொருளை வோலின் காலக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பெண் வோல் சுமார் ஒரு மாதத்தில் பருவமடைகிறது. 21 நாள் சினை. பிறந்த குட்டிகள் பால் மறக்க ஏறத்தாழ இரண்டு வாரம். ஆக, பருவமடைந்த நாளிலேயே சினைப்பட்டாலும் முதல் ஈற்றுக் குட்டிகளைத் தனியே விட ஐந்து வாரம் உயிரோடு இருந்தாக வேண்டும். ஒப்பீட்டுப் பகுதியின் சராசரிப் பெண் இதைச் செய்துவிடும். அடுத்த ஈற்றையும் ஈன்றுவிடும். கால்வாயோரத்தின் சராசரிப் பெண்ணோ முதல் ஈற்றுக்குப் பால் கொடுத்து முடிக்கும் முன்பே செத்துவிடும். சராசரி என்பதால் சில நீண்டு வாழ்ந்திருக்கும், இனப்பெருக்கம் அறவே நின்றுபோயிருக்காது. ஆனால் தன் குட்டிகளைக் கொண்டே தன் கூட்டத்தைத் தக்கவைக்க இயலாத ஓர் இடம் அது என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. வோல்களின் அடர்த்தியும் அங்கேதான் மிகக் குறைவாக இருந்தது. ஆனாலும் அங்கே வோல்கள் இருக்கத்தான் செய்தன. புல்லில் ஓர் அசைவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போகிற கண்காணிப்பாளர் அவற்றைப் பார்த்திருப்பார். அந்த விலங்கு அங்கேயே பிறந்ததா, நேற்றுத்தான் வேலிக்கு வெளியிலிருந்து வந்ததா என்பதை அவரால் சொல்ல முடிந்திராது.

இதற்கு முதல் மறுப்பு நியாயமானது. கழிவுக் குழியின் ஓரம் என்பது கெடுக்கப்பட்ட நிலம். மூடி போடுகிறார்கள், குழி தோண்டுகிறார்கள், புல் வகையே மாறிவிடுகிறது. வோல்கள் சீக்கிரம் செத்ததற்கு நஞ்சு காரணமா, மோசமான வாழிடம் காரணமா? வெறும் ஆயுள் கணக்கு மட்டும் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது. மோசமான புல்லும் கூடுதல் பருந்துகளும் ஆயுளைக் குறைக்கும். ஆனால் அவை கல்லீரல் உயிரணுக்களைச் சிதைக்கா, கொழுப்பில் லிண்டேனைக் கொண்டு வைக்கா. மூன்று சான்றுகளும் ஒரே விலங்குக் கூட்டத்தில் ஒரே திசையைக் காட்டியதால்தான் அந்த ஆய்வுக்கு எடை. இன்னொன்றும் உண்டு. ஜான் கிறிஸ்டியன் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெயர் பெற்றது வேறொரு கொள்கைக்காக: சிறு பாலூட்டிகள் நெருக்கியடித்து வாழ நேர்ந்தால் மனஅழுத்தத்தால் அட்ரீனல் பெருக்கும், இனப்பெருக்கம் குன்றும் என்பது அது. நெரிசல்தான் காரணம் என்று சொல்ல யாருக்காவது ஆசை இருந்திருக்கும் என்றால் அது அவருக்குத்தான். லவ் கால்வாயில் அவர் கண்டதோ நேர்மாறு. கூட்டம் அடர்த்தி குறைந்தது, அட்ரீனல் பெருக்கவில்லை, சுருங்கியிருந்தது. தன் சொந்தக் கொள்கைக்கு இடம் கொடுக்காத தரவை ஒருவர் வெளியிடும்போது அதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில் அந்த ஊர் மனிதர்களைப் பற்றி நடந்த ஆய்வுகளின் கதியைப் பார்த்தால் வோல்களின் மதிப்பு விளங்கும். 1980இல் 36 பேரின் குரோமோசோம்களைச் சோதித்து, 11 பேரிடம் பிறழ்வு இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. ஒப்பீட்டுக்கு மாசுபடாத ஊரின் குழு ஒன்றைச் சேர்க்கவில்லை என்பதால் மற்ற விஞ்ஞானிகள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்பே, குடியிருப்போர் சங்கத் தலைவி லோயிஸ் கிப்ஸ் வீடு வீடாகத் தொலைபேசியில் திரட்டிய நோய்க் கணக்கைப் புற்றுநோய் ஆய்வாளர் பெவர்லி பேகன் ஒழுங்குபடுத்தித் தந்தபோது, இல்லத்தரசிகள் எடுத்த புள்ளிவிவரம் என்று அதிகாரிகள் ஒதுக்கித் தள்ளினார்கள். அந்தப் பேகன் பிறகு வோல் ஆய்விலும் பங்கேற்றவர். மனிதர்களை ஆராய்வதில் உள்ள சிக்கல் அதிகாரிகளின் மெத்தனம் மட்டுமல்ல. நயாகரா ஃபால்ஸ்வாசிகளில் பலர் ரசாயன ஆலைகளிலேயே வேலை செய்தவர்கள். புகைப்பவர்கள் உண்டு, குடிப்பவர்கள் உண்டு, போன வருடம்தான் குடிவந்தவர்களும் உண்டு. வழக்கும் இழப்பீடும் கண்ணெதிரே இருக்கும்போது நினைவில் இருக்கும் நோய்க்கும் உண்மை நோய்க்கும் இடையே கோடு போடுவது கடினம். வோல் வேலைக்குப் போவதில்லை, புகைப்பதில்லை, செய்தித்தாள் படித்துப் பயப்படுவதில்லை. அதன் தலைமுறைகள் மாதக் கணக்கில் புரளுகின்றன. மனிதர்களிடம் முப்பது ஆண்டு காத்திருந்து பார்க்க வேண்டியதை அதனிடம் ஒரே பருவத்தில் பார்த்துவிடலாம்.

அப்படியானால் வோலுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று சொல்லலாமா? கூடாது. மண்ணுக்குள் தூங்கி மண்ணோடு சேர்த்து வேரைத் தின்னும் ஒரு விலங்கு பெறும் நஞ்சின் அளவு, நிலவறைக்கு மேலே மாடியில் தூங்குகிற மனிதர் பெறுவதைவிடப் பல மடங்கு இருக்கும். உடல் எடைக்கு அது உண்ணும் உணவும் நம்மைவிட மிக அதிகம். எனவே இத்தனை மனிதர்களுக்கு இந்த நோய் வரும் என்று வோலை வைத்துச் சொன்னால் அது ஜோசியம். ஆனால் வோல் வேறொரு கேள்விக்குத் திட்டவட்டமான விடை தருகிறது. புதைத்த நஞ்சு குழியிலேயே இருக்கிறதா, குழியை விட்டு வெளியேறி உயிருள்ள உடலுக்குள் நுழைந்து அங்கே வேலை செய்கிறதா? மண்ணைப் பரிசோதிக்கும் வேதியியல் கருவி முதல் பாதிக்கு மட்டும் விடை சொல்லும். மண்ணில் இருப்பதெல்லாம் உடலுக்குள் போவதில்லை. சில சேர்மங்கள் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு யாரையும் தொடாமல் கிடக்கும். பல நூறு சேர்மங்கள் கலந்த கழிவில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பு வரம்பு வைத்திருந்தாலும், எல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு அட்டவணை கிடையாது. அந்தக் கூட்டலை விலங்கின் உடல் தானே போட்டுக் காட்டுகிறது.

எந்த விலங்கின் உடல் என்பதில்தான் அடுத்த சிக்கல். ஐரோப்பாவில் துத்தநாகம், செம்பு, காட்மியம் உருக்கும் ஆலைகளின் சுற்றுவட்டாரத்தில் 1980களிலிருந்து பல ஆய்வுகள் நடந்தன. இங்கிலாந்தின் மெர்சிசைடில் ஒரு செம்புச் சுத்திகரிப்பு ஆலையருகே ஹன்டரும் ஜான்சனும் செய்தவை அவற்றுள் நன்கு அறியப்பட்டவை. ஒரே புல்வெளியில், சில அடி இடைவெளியில் வாழும் மூன்று விலங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள்: விதை தின்னும் காட்டுச் சுண்டெலி, புல் தின்னும் வோல், பூச்சியும் மண்புழுவும் தின்னும் மூஞ்சூறு. மூவரும் சுவாசிக்கும் காற்று ஒன்று, மிதிக்கும் மண் ஒன்று. காட்மியமோ மூஞ்சூற்றின் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் மற்ற இரண்டைவிட மிகப் பல மடங்கு சேர்ந்திருக்கிறது. காரணம் மண்புழு முதலான முதுகெலும்பற்றவை. மண்ணைத் தின்று மண்ணைக் கழிக்கும் மண்புழு காட்மியத்தை மட்டும் தன் உடலில் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூஞ்சூறு எலி இனமே அல்ல. பிள்ளையாரின் வாகனமாக அதை எலியோடு சேர்த்துவிட்டோமே தவிர, அது பூச்சியுண்ணிகளின் கிளை. வேகமாக எரியும் உடல், ஒரு நாளைக்குத் தன் எடைக்குச் சற்றே குறைவான உணவைத் தின்றால்தான் உயிர் தங்கும். அவ்வளவு மண்புழுவும் பூச்சியும் அவ்வளவு காட்மியத்தைக் கொண்டுவருகின்றன. உடல் மெட்டலோதயோனின் என்னும் புரதத்தால் அந்த உலோகத்தைக் கட்டிச் சிறுநீரகத்தில் பூட்டி வைக்கப் பார்க்கிறது. பூட்டு தாங்கும்வரை விலங்கு நலமாகத் தெரியும். சுண்டெலியை மட்டும் பிடித்துச் சோதித்த ஆய்வாளர் அந்தப் புல்வெளி பரவாயில்லை என்று எழுதுவார், நேர்மையாகவே எழுதுவார்.

வெளித்தோற்றத்துக்கும் உள்நிலைக்கும் உள்ள இந்த இடைவெளி வேறு வடிவங்களிலும் வருகிறது. பிரிட்டனில் அலுமினிய உருக்காலைகளின் அருகே வாழும் வோல்களின் முன்பற்களில் அது கண்ணுக்கே தெரியும். வோலின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுவதும் வளர்வது, இரும்புச் சத்தால் ஆரஞ்சு நிறமேறியது. ஆலையின் ஃபுளோரைடு புல்லில் படிந்து எலும்புக்கும் பல்லுக்கும் போகும்போது அந்த நிறம் வெளுத்து, எனாமல் தேய்ந்து, பல் குழிவிழுகிறது. கடினப் புல்லைக் கொறித்தே வாழ வேண்டிய விலங்குக்கு இது சிறு குறை அல்ல. நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகை வௌவால்களில் அது கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. பருவப் பயணத்துக்காக இளம் வௌவால்கள் சேர்த்து வைத்த கொழுப்பில் டிடிடி எச்சமும் சேர்ந்திருந்தது. கொழுப்பு இருக்கும்வரை நஞ்சும் அதோடு கட்டுண்டு கிடந்தது. 1976இல் வெளியான சோதனை ஒன்றில், பறக்கவைத்துக் கொழுப்பைக் கரையச் செய்தபோது நஞ்சு மூளைக்கு ஏறி நடுக்கம் கண்டு வௌவால்கள் செத்தன. குகையில் நன்கு கொழுத்த வௌவால்களை எண்ணிக்கொண்டிருப்பவர் கண்ணில் படாமல், சாவு வழியில் எங்கோ நடக்கும். இந்த வௌவால்களுக்கு வந்தது வயலில் தெளித்த பூச்சிமருந்து, ஆலைக் கழிவு அல்ல. நஞ்சு உடலில் ஒளிந்திருக்கும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆய்வுக்கூட வெள்ளெலி இருக்கும்போது காட்டு விலங்கைப் பிடித்து அறுப்பானேன் என்பது அடிக்கடி எழும் இன்னொரு மறுப்பு. கூண்டில் அளவு தெரிந்த நஞ்சைக் கொடுத்து விளைவைப் பார்ப்பது சுத்தமான முறை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெள்ளெலி எல்லாப் பாலூட்டிகளுக்கும் பிரதிநிதி அல்ல. 1960களில் அமெரிக்காவின் மிஷிகன் பகுதியில் உரோமத்துக்காக மிங்க் என்னும் பாலூட்டியை வளர்த்தவர்கள், பெரிய ஏரிகளின் மீனைத் தீனியாகக் கொடுத்ததும் குட்டிகள் பிறப்பது நின்றுபோவதைக் கண்டார்கள். ஆலெரிக், ரிங்கர் என்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தேடி, மின்மாற்றி எண்ணெயிலும் ஆலைக் கழிவிலும் இருந்த பிசிபி சேர்மங்கள்தான் காரணம் என்று காட்டினார்கள். தீனியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு பிசிபி இருந்தாலே மிங்கின் இனப்பெருக்கம் கெட்டது. அதே அளவில் ஆய்வுக்கூட எலி அப்படித் தடுமாறுவதில்லை. கூண்டு எலிக்குக் குளிர் இல்லை, பசி இல்லை, ஆந்தை இல்லை. காட்டில் இவை எல்லாம் நஞ்சோடு சேர்ந்து வருகின்றன. இதற்கு நேர் எதிராக, தலைமுறை வேகமாகப் புரளும் எலிகள் நஞ்சுக்குப் பழகி எதிர்ப்பு பெற்றுவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். எலிகளுக்கு அந்தத் திறன் உண்டுதான். வார்ஃபரின் என்னும் எலிமருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற எலிகளை 1958இலேயே ஸ்காட்லாந்தில் கண்டார்கள். ஆனால் அந்த எதிர்ப்புக்கு விலையாக, சாதாரண எலியைவிடக் கூடுதலாக வைட்டமின் கே உண்டால்தான் அவற்றின் இரத்தம் உறையும். தழுவல் என்று நாம் அழகாகச் சொல்வது, எதிர்ப்பில்லாத எல்லா எலிகளும் செத்து முடிந்தபின் மிஞ்சியதற்கு வைத்த பெயர்.

எலி சொன்னதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆன்ட்வெர்ப் நகரை ஒட்டிய ஸ்விண்ட்ரெக்டில் 3எம் நிறுவனத்தின் ஃபுளோரோரசாயன ஆலை உள்ளது. எண்ணெய், நீர், கறை எதுவும் ஒட்டாத பூச்சுகளுக்கு உதவிய பிஎஃப்ஓஎஸ் என்னும் சேர்மத்தை அந்த ஆலை தயாரித்தது. அதன் தயாரிப்பைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக நிறுவனம் 2000 மே மாதத்தில் அறிவித்தது. ஆலைக்கு அடுத்தாற்போல் பிளாக்கர்ஸ்டைக் என்ற இயற்கைக் காப்பகம்: ஏரி, நாணல், நீர்ப்பறவைகள், புதரில் காட்டுச் சுண்டெலிகள். ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சுண்டெலிகளைப் பிடித்துச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். கல்லீரலில் கிராமுக்கு அரை மைக்ரோகிராமிலிருந்து 178 மைக்ரோகிராம் வரை பிஎஃப்ஓஎஸ் இருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பிடித்தவற்றில் உச்ச அளவே சுமார் ஒரு மைக்ரோகிராம். சேர்மம் கூடக் கூடக் கல்லீரலின் எடை கூடியது, அதன் கொழுப்பெரிக்கும் நொதிகள் மாறின, இரத்தத்தின் ட்ரைகிளிசரைடில் மட்டும் அதன் விளைவு எதுவும் தென்படவில்லை. தாயிடமிருந்து குட்டிக்கும் அது போயிருந்தது. சுண்டெலிகள் கூட்டமாகச் செத்துக் கிடக்கவில்லை. காப்பகம் பச்சையாக, பறவைகளோடு, பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது.

அந்த ஆய்வு நல்ல அறிவியல் இதழில், எவரும் படிக்கும்படி வெளியானது. அந்த ஊர் மக்களுக்கு விஷயம் பெரிதாக வெடித்ததோ 2021இல், ஆன்ட்வெர்ப் சுற்றுச்சாலைப் பணிக்காகத் தோண்டிய மண்ணில் இந்தச் சேர்மம் இருப்பது தெரிந்தபோது. ஆலையைச் சுற்றிய வட்டாரத்தில் தோட்டத்துக் காய்கறியையும் வீட்டுக் கோழி முட்டையையும் உண்ண வேண்டாம் என்று அறிவுரை வந்தது. மக்களின் இரத்தத்தைச் சோதித்தபோது பெரும்பாலோரிடம் சுகாதார வரம்பைத் தாண்டிய அளவு இருந்தது. 2022 ஜூலையில் ஃபிளாண்டர்ஸ் அரசோடு 57 கோடியே 10 லட்சம் யூரோவுக்கு 3எம் உடன்பாடு செய்துகொண்டது. சுண்டெலிகளின் கல்லீரலுக்கும் மனிதரின் இரத்தப் பரிசோதனைக்கும் நடுவே 17 ஆண்டுகள். சுண்டெலியை வைத்து மனிதரின் நோயைக் கணிக்க முடியாது என்று மேலே சொன்னேன். அது இங்கேயும் பொருந்தும். ஆனால் மதிலுக்கு வெளியே சேர்மம் உயிர்களுக்குள் நுழைந்துவிட்டது, அடுத்த தலைமுறைக்கும் போகிறது என்ற இரண்டு செய்திகளும் 2004இலேயே அச்சில் இருந்தன. பக்கத்து வீட்டுக் கோழி முட்டையைச் சோதித்துப் பார்க்க அந்த இரண்டு செய்திகளே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும், எலிதானே என்று ஒருவர் கேட்கலாம். தனி விலங்குகள் கொஞ்சம் சீக்கிரம் செத்தால் என்ன, இனம் பிழைத்திருக்கிறதே. சூழலியல் கவலைப்பட வேண்டியது இனத்தைப் பற்றித்தான். சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைகள் பலவற்றின் அடியில் ஓடும் நினைப்பு இது. வலுவான வாதமும்கூட, ஏனென்றால் வோலோ சுண்டெலியோ அழியும் நிலையில் உள்ள இனங்கள் அல்ல. கூண்டில் வைத்த ஒரு புல்வெளி வோல் ஓர் ஆண்டில் 17 முறை குட்டி போட்டதை வெர்னன் பெய்லி 1924இல் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அந்தப் பெருக்கம் எங்கே நடக்கிறது என்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் பிறப்பு இறப்பைவிடக் குறைவாக இருந்து, வெளியிலிருந்து வருபவர்களால் மட்டும் கூட்டம் நிற்கிறது என்றால், அந்த இடம் சுற்றியுள்ள நல்ல நிலத்தின் விளைச்சலை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஆலைகள் ஒன்றிரண்டாக இருக்கும்வரை இந்த இழப்பு தெரியாது. நல்ல நிலம் சுருங்கச் சுருங்கத் தெரியும். சிறு பாலூட்டிகள் தாமே ஒரு பெரிய உணவுச் சங்கிலியின் அடிப்படி என்பதும் இருக்கிறது. நஞ்சால் மந்தமான எலியை ஆந்தை முதலில் பிடிக்கும். ஓர் ஆந்தை ஓர் இரவில் பல எலிகளைப் பிடிக்கும். எலியின் ஆயுள் குறைவு, கொஞ்சம்தான் சேர்க்க முடியும். ஆந்தை பல ஆண்டுகள் வாழ்ந்து அத்தனை எலிகளின் சேமிப்பையும் தன்னிடம் சேர்க்கிறது.

மாசு நின்றபின் நடப்பதைப் பார்ப்பதற்கும் இதே அளவுகோல்தான் வேண்டும். ரஷ்யாவின் ஊரல் மலைப் பகுதியில் ரெவ்டா நகரருகே 1940 முதல் இயங்கும் செம்பு உருக்காலை ஒன்றைச் சுற்றிப் பல பத்தாண்டுகளாகக் காட்டை அளந்து வருகிறார்கள். கந்தக டைஆக்சைடும் உலோகத் தூசியும் சேர்ந்து ஆலையருகே மண்ணைப் புளிக்கவைத்து மண்புழுவே இல்லாத வட்டம் ஒன்றை உண்டாக்கியிருந்தன. மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி மண்புழு தின்று வாழும் மோல் என்ற சிறு பாலூட்டி அந்த வட்டத்துக்குள் நுழையவே இல்லை. அதை எந்த நஞ்சும் நேரடியாகக் கொன்றிருக்க வேண்டியதில்லை, உணவு இல்லாததே போதும். வாழிடமா நஞ்சா என்ற பழைய மறுப்பு இங்கே கரைந்துவிடுகிறது: வாழிடத்தைக் கெடுத்ததே நஞ்சுதான். 2010ஐ ஒட்டி ஆலை புதுப்பிக்கப்பட்டு வெளியேற்றம் வெகுவாகக் குறைந்தது. மண்ணின் புளிப்பு மெல்லத் தணிந்தது, மண்புழுக்கள் ஆலையை நோக்கி நகர்ந்தன, மோல்களின் எல்லையும் கூடவே நகர்ந்தது. காடு ஆறுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆய்வாளர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் காற்று சுத்தமான வேகத்தில் மண் சுத்தமாகவில்லை. செம்பும் ஈயமும் காட்மியமும் மேல்மண்ணில் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. திரும்பி வந்த மண்புழு அந்த மண்ணைத்தான் தின்கிறது, திரும்பி வந்த மோல் அந்த மண்புழுவைத்தான் தின்கிறது. முன்பு வெறுமையால் காப்பாற்றப்பட்ட விலங்கு இப்போது உலோகத்தோடு நேருக்கு நேர் நிற்கிறது. எல்லை எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்பதோடு, திரும்பிய மோல்களின் சிறுநீரகத்தில் எவ்வளவு காட்மியம், அங்கேயே பிறந்த குட்டிகள் அடுத்த பருவம்வரை வாழ்கின்றனவா என்பதையும் கேட்டால்தான் அந்தக் காடு எந்த அளவுக்கு ஆறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.